கட்டபொம்மன் ஊரில் ஒரு வரிக் கணக்கு

முருகப்பெருமானுக்கும் எனக்கும் 25,500 ரூபாய் பாக்கி இருக்கிறது. அவர் எனக்குத் தரவேண்டியது. வசூலாகும் என்ற நம்பிக்கை இல்லை.

விஷயம் இதுதான். 2023 மே மாதம் ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்குவதென்று முடிவு செய்தேன். மூணு கிலோவாட் அவர் பாட்டரி. அப்போது மத்திய சர்க்காரின் 'ஃபேம்-2' திட்டத்தில் ஒரு கிலோவாட் அவருக்கு 15,000 ரூபாய் மானியம். மூணுக்கு 45,000. வண்டி விலையில் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான் கண்டிஷன். செக் புக்கோடு கிளம்பியவனை அம்மா நிறுத்தினாள்.

"ஏ ஐயா, ஜூன் ரெண்டு வைகாசி விசாகம்லா? திருச்செந்தூரான் நாளு. அன்னைக்கு எடுத்தா வண்டி அமோகமா ஓடும்."

தூத்துக்குடிக்காரன் திருச்செந்தூரானை மீறுவதாவது? காத்திருந்தேன். மே மூணாவது வாரத்தில் டெல்லியிலிருந்து ஓர் அறிவிப்பு. ஜூன் 1 முதல் கிலோவாட் அவருக்குப் பத்தாயிரம்தான். அதுவும் வண்டியின் ஆலை விலையில் 15 சதவீதத்துக்கு மேல் கிடையாது. என் வண்டியின் ஆலை விலை 1,30,000. அதில் 15 சதவீதம் 19,500. ஆக 45,000 போய் 19,500 ஆச்சு. அறிவிப்பை நான் பார்த்ததே ஜூன் மூணாம் தேதி, வண்டிக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கின மறுநாள்.

தப்பு என் மேல். பி.காம். படித்துவிட்டு பேப்பரில் சினிமாப் பக்கத்தை மட்டும் படித்தால் இப்படித்தான் ஆகும். அன்றைக்குப் பிடித்த ஆராய்ச்சிப் பேய் இன்னும் இறங்கவில்லை. இந்த மானியம், தள்ளுபடி, விலக்கு எல்லாம் யாருக்குப் போகிறது? எவ்வளவு போகிறது? நியாயமா போகிறதா?

பதில் பாஞ்சாலங்குறிச்சியில் கிடைத்தது. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

* * *

2025 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என்னோடு பி.காம். படித்தவன், இப்போது சென்னையில் ஆடிட்டர், குலசாமி கும்பிட ஊருக்கு வந்திருந்தான். வந்தது அவனுடைய எலெக்ட்ரிக் காரில். 2023 பிப்ரவரியில் வாங்கியது, விலை 25 லட்சம். வழியில் ரெண்டு இடத்தில் சார்ஜ் போட்டு, இட்லி சாப்பிட்டு, சத்தமே இல்லாமல் வாசலில் வந்து நின்றது வண்டி. தெரு நாய் கூட கடைசி செகண்டில்தான் எழுந்தது.

"ஏல, பாஞ்சாலங்குறிச்சி வரைக்கும் ஒரு ரவுண்டு போவமா? சின்ன வயசுல பார்த்தது."

என் அக்கா வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார். அத்தான் ஆட்டோ ஓட்டுகிறார். டீசல் ஆட்டோ. காலையில் துறைமுகத்துப் பக்கம், அப்புறம் ஸ்கூல் பிள்ளைகள், சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷன். காரில் ஏறினவர் சீட்டைத் தடவிப் பார்த்தார். டாஷ்போர்டில் டி.வி. மாதிரி இருந்ததைப் பார்த்தார். பிறகு, "தம்பி, ஒரு கிலோமீட்டருக்கு என்ன ஆகுது?" என்றார்.

"வீட்ல சார்ஜ் போட்டா ஒரு ரூபாய் பக்கம்ணே."

அத்தான் ஒட்டப்பிடாரம் ரோடு வரை பேசவில்லை. மனக்கணக்கு போடுகிறார் என்று தெரிந்தது.

பாஞ்சாலங்குறிச்சியில் இப்போது நாம் பார்க்கிற கோட்டை 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக்கோட்டை. அசல் கோட்டையை வெள்ளைக்காரன் தரைமட்டமாக்கிவிட்டான். 1799 அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கில் போட்டார்கள். வரி தகராறில் ஆரம்பித்த கதை. 1959-ல் வந்த சினிமா புண்ணியத்தில் தமிழ்நாட்டில் பிறந்த ஒவ்வொரு பையனும் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு முறையாவது அட்டைக் கத்தியோடு அந்த வரி வசனத்தைப் பேசியிருப்பான். (நான் ஜாக்சன் துரை வேஷம். பவுடர் அதிகம், கைதட்டல் குறைவு.)

அந்தக் கோட்டை வாசல் நிழலில் காரை நிறுத்திவிட்டு, நண்பன் ரொம்ப சாதாரணமாகச் சொன்னான்:

"கட்டபொம்மன் வரி கட்டமாட்டேன்னான், தூக்குல போட்டாங்க. நான் இந்தக் காருக்கு ரோடு டாக்ஸ் கட்டவே இல்லை. சல்யூட் அடிச்சு அனுப்பினாங்க."

"எவ்வளவுல மிச்சம்?"

"மூணே முக்கால் லட்சம்."

அத்தான் தண்ணீர் பாட்டிலை மூடிவிட்டுத் திரும்பினார். "எவ்வளவு?"

* * *

இந்த இடத்தில் கொஞ்சம் பாலன்ஸ் ஷீட் போட அனுமதியுங்கள். கொட்டாவி விடுகிறவர்கள் ஜோக் பக்கத்துக்குப் போய்விட்டு வரலாம்.

தமிழ்நாட்டில் மின்சார வண்டிகளுக்கு நூறு சதவீத சாலை வரி விலக்கு. 2019 மின்வாகனக் கொள்கையில் வந்தது. 2023 கொள்கையில் 2025 டிசம்பர் கடைசி வரை என்றார்கள். நல்ல காரியம். ஆனால் விலக்கு எதில் கிடைக்கிறது? வரியில். வரி எப்படிப் போடுகிறார்கள்? வண்டி விலையில் சதவீதமாக. 2023 நவம்பரில் அந்த சதவீதத்தையும் உயர்த்தினார்கள். கார் என்றால் 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். விலை ஏற ஏற வரி விகிதமும் ஏறும். பணக்காரன் கூடக் கட்டட்டும் என்கிற நியாயமான ஏற்பாடு.

இப்போது இந்த நியாயமான ஏற்பாட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். விலக்கு என்று வந்தால், எவன் கூடக் கட்டவேண்டுமோ அவனுக்குத்தான் கூடப் பரிசு!

ஒரு லட்ச ரூபாய் ஸ்கூட்டர் வாங்குகிறவருக்கு விலக்கு 10,000 ரூபாய். எட்டு லட்ச ரூபாய் சின்ன கார் வாங்கும் குமாஸ்தாவுக்கு 1,04,000. ஐம்பது லட்ச ரூபாய் கார் வாங்கும் கனவானுக்கு 10 லட்சம். கனவானுக்குக் கிடைக்கும் தள்ளுபடியில் குமாஸ்தா அந்தச் சின்னக் காரையே வாங்கி, மிச்சத்துக்கு குடும்பத்தோடு கொடைக்கானல் போய்வரலாம்.

ஜி.எஸ்.டி.யும் இதே ஜாதகம்தான். 2019 ஆகஸ்டில் மின்சார வண்டிக்கு 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள், விலை எவ்வளவானாலும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் காருக்கு 18, பெரிய காருக்கு 40. ஆக, சின்னக் காரை விட்டு கரண்ட் காருக்கு மாறுகிறவனுக்கு 13 சதவீதம் வித்தியாசம். பெரிய காரை விட்டு மாறுகிறவனுக்கு 35.

வருமான வரியை மட்டும் விடுவானேன். 2019 பட்ஜெட்டில் 80 இ.இ.பி. என்று ஒரு பிரிவு வந்தது. 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை கடன் வாங்கி மின்சார வண்டி எடுத்தவர், வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வரை வட்டியை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். முப்பது சதவீத வரியில் இருக்கும் என் நண்பனுக்கு, செஸ்ஸையும் சேர்த்து, வருஷத்துக்கு 46,800 ரூபாய் லாபம். ஐந்து சதவீதத்தில் இருக்கிறவருக்கு ஏழாயிரத்துச் சொச்சம். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத என் போன்ற எழுத்தாளனுக்கு? பூஜ்யம். அத்தானுக்கும் பூஜ்யம். ஒன்றரை லட்சம் வட்டி கட்டவேண்டுமென்றால் பதினஞ்சு, இருபது லட்சமாவது கடன் வாங்கவேண்டும். எங்களுக்கு எந்த பாங்க் கொடுக்கும்?

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கையில் காசாகக் கொடுக்கும் மானியத்தில் மத்திய சர்க்கார் உஷாராகவே இருந்தது. ஃபேம்-2-ல் சொந்தக் காருக்கு மானியமே கிடையாது. டாக்ஸிக்கு மட்டும், அதுவும் ஆலை விலை 15 லட்சத்துக்குள் இருந்தால். 2024 அக்டோபரில் வந்த 'பி.எம். இ-டிரைவ்' திட்டத்தில் டாக்ஸியும் கிடையாது. டூ-வீலர், ஆட்டோ, பஸ், லாரி, ஆம்புலன்ஸ். சபாஷ்.

ஆனால் காசு கொடுத்தால்தான் நாலு பேர் கேள்வி கேட்கிறார்கள். வாங்காமல் விடும் வரியை யார் கவனிக்கிறார்கள்? அக்கவுண்டன்ஸியில் முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தார்கள்: வரவேண்டியது வராமல் போவதும் செலவுதான்.

* * *

இதையெல்லாம் கோட்டை மதிலோரம் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றுகொண்டே சொன்னேன். நண்பனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏல, நாங்க முதல்ல வாங்கினதாலதான் இந்த வண்டியெல்லாம் ரோட்டுக்கே வந்துச்சு. நான் இதை வாங்கலேன்னா பெரிய டீசல் வண்டி வாங்கியிருப்பேன். ஊரெல்லாம் புகை. அது பரவாயில்லையா? சில்லாநத்தத்துல வியட்நாம்காரன் பாக்டரி வந்திருக்கே, எப்படி வந்துச்சு? வாங்க ஆள் இருக்குன்னுதானே?"

லேசான வாதம் இல்லை. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்ட் 4-ம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்த 'வின்ஃபாஸ்ட்' தொழிற்சாலை எங்கள் மாவட்டத்துக்கு வந்த பெரிய அதிர்ஷ்டம். முதல் கட்டத்தில் வருஷத்துக்கு ஐம்பதாயிரம் கார் தயாரிக்கும் சக்தி. உப்பளத்துக்கும் ஹார்பருக்கும் மட்டுமே வேலைக்குப் போன எங்கள் பக்கத்துப் பையன்கள் இப்போது யூனிபார்ம் போட்டு பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். கார் விற்காவிட்டால் அவர்களுக்கு வேலை ஏது? அங்கே தயாராகும் வி.எஃப்.-6 என்ற கார் 2025 செப்டம்பரில் 16.49 லட்சத்தில் ஆரம்பித்தது. சாலை வரி விலக்கு மட்டும் ஏறத்தாழ மூணு லட்சம். அதை ஒரே ராத்திரியில் எடுத்துவிட்டால் நம்ம ஊர் பாக்டரிக்கே அடி.

அதனால் விலக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. நண்பனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"உண்மையைச் சொல்லு. அந்த மூணே முக்கால் லட்சம் கட்டணும்னு சொல்லியிருந்தா, இந்தக் காரை வாங்கியிருக்க மாட்டியா?"

அவன் காரைப் பார்த்தான். கோட்டையைப் பார்த்தான். ஆடிட்டர்கள் பொய் சொல்லமாட்டார்கள் (என்று அவர்கள் சொல்கிறார்கள்).

"வாங்கியிருப்பேன்" என்றான். "முனகிட்டு வாங்கியிருப்பேன்."

"வருஷம் எவ்வளவு ஓட்டுதே?"

"ஞாயித்துக்கிழமைதான். ஆபீஸுக்கு மெட்ரோ ரயில் சௌகரியமா இருக்கு."

அத்தான் சிரித்தே விட்டார். "நான் நாளைக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டுதேன் தம்பி. புகையெல்லாம் நான் விடுதேன், மானியமெல்லாம் நீங்க வாங்குதீங்க!"

"நீங்களும் கரண்ட் ஆட்டோ எடுக்க வேண்டியதுதானே அண்ணே?"

"போன வருஷம் எடுப்போம்னு விசாரிச்சேன். எட்டு கிலோவாட் வண்டிக்கு நாப்பதாயிரம் குறைப்போம்னான். முன்பணம் புரட்டுததுக்குள்ள இந்த ஏப்ரல்ல அதை இருபதாயிரமாக்கிட்டான். அந்த இருபதாயிரம் குறுக்க நிக்கில்லா."

இதுதான் ஸார் விஷயம். ஒருவர் மூணே முக்கால் லட்சம் இல்லாவிட்டாலும் வாங்கியிருப்பார். இன்னொருவர் இருபதாயிரத்துக்காக வாங்காமல் நிற்கிறார். சர்க்கார் பணத்தை எங்கே வைத்தால் ஒரு டீசல் வண்டி ரோட்டை விட்டு இறங்கும் என்பதற்கு பி.காம். கூட வேண்டாம்.

* * *

எங்கள் கடற்கரைக்கு இது புதுசும் இல்லை. முத்துக்குளித்துறை என்று பெயர் வாங்கிய கடல். குளிக்கிறவர் ஒரு கல்லில் காலை ஊன்றி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அடிக்குப் போவார். ஆளுக்கொரு கல். அந்தக் காலத்தில் வரிக் கணக்கே கல் கணக்குத்தான், இத்தனை கல்லுக்கு இவ்வளவு என்று. அதில் மதுரை நாயக்கருக்கும் ராமநாதபுரம் சேதுபதிக்கும் வரியில்லாக் கற்கள் ஒதுக்கியிருந்தார்கள். அதற்குப் பெயர் என்ன தெரியுமா? மானியம். மூச்சைப் பிடித்துக் கடலில் இறங்கினவனுக்கு வரி, அரண்மனைக்கு மானியம்.

அமெரிக்காவிலும் அதே அரண்மனைதான். அங்கே மின்சாரக் காருக்கு 7,500 டாலர் வரை வருமான வரியில் கழிவு. வரி கட்டினால்தானே கழிவு? பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பொருளாதார அறிஞர்கள் செவரின் போரென்ஸ்டைன், லூகாஸ் டேவிஸ் இருவரும் கணக்குகளை அலசிப் பார்த்தார்கள். அந்தக் காலகட்டத்தில் மின்சாரக் கார் கழிவில் சுமார் 90 சதவீதம், வருமானத்தில் மேல்தட்டில் இருந்த ஐந்தில் ஒரு பங்கு மக்களுக்கே போயிருந்தது. 2022-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். தனிநபர் வருமானம் ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டினால் கிடையாது. கார் விலை 55,000 டாலரைத் தாண்டினால் கிடையாது. பழைய மின்சாரக் கார் வாங்குகிறவருக்கும் 4,000 டாலர் வரை உண்டு. 2024 முதல் கடையிலேயே விலையில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். சமத்தாக ஆனபிறகு, 2025 செப்டம்பர் 30-ஓடு திட்டத்தையே மூடிவிட்டார்கள். அது வேறு அரசியல்.

வருமான வரம்பு நமக்கு ஒத்துவராது என்பது என் அபிப்பிராயம். அத்தானிடம் சம்பளச் சீட்டு கேட்டால் எங்கே போவார்? மீன்கூடையோடு டூ-வீலரில் தெருத் தெருவாகப் போகிற அம்மாவிடம் ஃபார்ம் 16 கேட்பீர்களா? பொய் வருமானச் சர்டிபிகேட் வாங்குவதில் அவர்களைவிட வசதியானவர்களுக்குத்தான் சாமர்த்தியம் ஜாஸ்தி. வண்டி விலை பொய் சொல்லாது.

கொஞ்சம் சொல்லும்! ஃபேம்-2-ல் ஒன்றரை லட்சத்துக்கு மேல் விலையுள்ள ஸ்கூட்டருக்கு மானியம் கிடையாது என்று கோடு கிழித்தார்கள். சில பெரிய கம்பெனிகள் சார்ஜரைத் தனி பில்லில் போட்டு, வண்டி விலையைக் கோட்டுக்கு உள்ளே கொண்டுவந்தன. சார்ஜர் இல்லாத கரண்ட் வண்டி, திரி இல்லாத விளக்கு மாதிரி. விவகாரம் வெளியே வந்து, 2023-ல் வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இந்தப் பக்கம் முழுசு, அந்தப் பக்கம் பூஜ்யம் என்று கோடு கிழித்தால் கோட்டைச் சுற்றித்தான் திருட்டு நடக்கும்.

இதில் நார்வேக்காரன் கெட்டிக்காரன். மின்சாரக் காருக்கு மதிப்புக்கூட்டு வரியே இல்லை என்று வருஷக்கணக்கில் வைத்திருந்தவன், 2023 ஜனவரியில் மாற்றினான். முதல் ஐந்து லட்சம் குரோனருக்கு அப்போது வரி இல்லை; அதற்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் 25 சதவீதம் என்று வைத்தான். கோடு இல்லை, சரிவு. யாரும் குதித்துத் தாண்ட வேண்டியதில்லை.

அதையே இங்கே போட்டுப் பாருங்கள். கார் விலையில் முதல் பத்து லட்சத்துக்கு சாலை வரி வேண்டாம்; மேற்பட்டதற்குக் கட்டட்டும். எட்டு லட்ச ரூபாய் குமாஸ்தாவுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. நம்ம ஊர் வி.எஃப்.-6 வாங்குகிறவர் ஆறரை லட்சத்துக்கு மட்டும் வரி, ஒரு லட்சத்துச் சொச்சம், கட்டுவார். ஐம்பது லட்சத்துக் கனவான் நாற்பது லட்சத்துக்கு 20 சதவீதம், எட்டு லட்சம் கட்டுவார். முனகிக்கொண்டே கட்டுவார், வாங்காமல் விடமாட்டார். என் ஆடிட்டர் நண்பனே சாட்சி.

அந்த எட்டு லட்சத்தை என்ன செய்யலாம்? 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக நிதியமைச்சர் தங்கம் தென்னரசு ஓர் அறிவிப்பு செய்தார். சாப்பாடு, பார்சல் கொண்டுவரும் இணையவழித் தொழிலாளர்கள் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம். மொத்தம் நாலு கோடி. ஐம்பது லட்ச ரூபாய் கார் நாற்பது பேருக்கு முழு வரி விலக்கு கொடுத்தால் ஆகிற தொகையும் அதே நாலு கோடிதான். அந்தப் பக்கம் நாற்பது பேர், இந்தப் பக்கம் இரண்டாயிரம் பேர்!

அப்புறம் இன்னொன்று. குறைப்பதாக இருந்தால் ஒரு வருஷம் முன்னாலேயே தேதி போட்டுச் சொல்லிவிடுங்கள். பி.எம். இ-டிரைவில் முதல் வருஷம் இவ்வளவு, ரெண்டாவது வருஷம் பாதி என்று ஆரம்பத்திலேயே எழுதிவைத்தார்கள், அதில் குறை சொல்லமாட்டேன். 2023-ல் செய்த மாதிரி பதினைந்து நாள் கூட அவகாசம் தராமல் வெட்டினால், சேதி தெரிந்தவன் ஓடிப்போய் வாங்கிவிடுவான். சேதி தெரியாதவன் வைகாசி விசாகத்துக்குக் காத்திருப்பான்.

* * *

திரும்பும்போது காரை அத்தானை ஓட்டச் சொன்னான் நண்பன். பெரிய மனசுதான். ஆட்டோ பழக்கத்தில் அத்தான் இல்லாத கியரைத் தேடினார். குறுக்குச்சாலை தாண்டியதும் பழகிவிட்டது.

"சத்தமே இல்லையே தம்பி, ஓடுதாங்கதே தெரியலையே."

வீட்டில் இறங்கியதும் அத்தான் தீர்மானமாகச் சொன்னார். "மாப்ளே, இருக்கிற இருபதாயிரமும் போகிறதுக்கு முன்னால எடுத்துருதேன். அக்கா வளையல் இருக்கு. நாளைக்கே முன்பணம் கட்டுவோம்."

உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது.

"நல்ல காரியம்தான் மாப்பிள்ளை. கந்த சஷ்டி வருதுல்லா, திருச்செந்தூர்ல சூரசம்ஹாரம் முடியட்டும்…"

நான் ஓடிப்போய் காலண்டரை ஆணியோடு கழற்றி பீரோ மேலே போட்டேன்.